சூடு தாங்கும் கை

தண்ணி கேட்பாள். அவ்வளவுதான். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, 'அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி' என்று நர்சக்கா கேட்பாள். முப்பிடாதி எழுந்து போய்க் கொடுத்தால் பேச்சை எடுப்பாள். எழுந்திருக்காவிட்டால் வேறு யார் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்ன இப்படி அடிக்குது என்று எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நேற்று பால்வாடி வாசலில் வைத்து இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணினது இது. நேற்று சுலபமாக இருந்தது. ஒரு செம்புத் தண்ணி, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. இப்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறபோது அந்தச் செம்பு பானைமேல் கவிழ்ந்து கிடக்கிற விதமே முப்பிடாதியைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று மாவில் ஒரு பொட்டு கிள்ளிப் போட்டாள். அடிக்குப் போய்ச் சற்று யோசித்து மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் காயணும். நானும்தான், என்று நினைத்துக்கொண்டாள், என்ன நினைத்தோம் என்று தெரியாமலே. அந்தப் பக்கம் லூர்தக்கா வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாவு அவள் விரலிடுக்கில் முறுகி முறுகி வந்து வட்டமாகப் படுத்தது, ஒரு சுற்று, அதை ஒட்டி இன்னொரு சுற்று, அவள் வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்குக் கை. 'ஏட்டி, எண்ணெயைப் பாக்குதியா, எண்ணெயில உன் மூஞ்சியைப் பாக்குதியா?' ஆவுடை சித்தி சிரித்தாள். கொட்டகை ஆவுடை சித்தியுடையது. ரத்த உறவில்லை, ஊரே அவளை சித்தி என்றுதான் கூப்பிடும். கல்யாண வீட்டுச் சீர் முறுக்கென்றால் இந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் வருவார்கள், இங்கே சுற்றினதென்றால் சம்பந்தி வீட்டில் குறை சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேர். பேர் போனால்? முதல் முறுக்கைப் பொரித்தெடுத்து முப்பிடாதி எப்போதும்போல அடுப்பு மேட்டில் பிள்ளையாருக்கென்று வைத்தாள். பிள்ளையாருக்குத் தெரியும். பிள்ளையார் யாரிடமும் சொல்லவில்லை.

மூலையில் மகள் தனு மாவு உருண்டையைப் பாம்பாக உருட்டி, பாம்பின் தலையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பச்சை மாவு தின்னாதே என்றால் கேட்கமாட்டாள். தனுவுக்கு இரண்டு வயசு முடிந்துவிட்டது, அதனால் அவளுக்கும் அந்தத் தடுப்பு மாத்திரை கொடுத்தாயிற்று, தேனில் பொடித்துக் கொடுத்தாள் நர்சக்கா, தனு முகத்தைச் சுளித்துவிட்டு இன்னும் தேன் கேட்டாள். தனுவின் அப்பா, அவருக்கும் கொடுத்தாயிற்று. வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை என்று நர்சக்கா ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டுச் சொன்னபோது முப்பிடாதி அடுக்களைக்குள் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தை விளக்கினாள், அழுகிறதை யாரும் பார்க்கக்கூடாதென்று. வீடு முடிந்தது. மிச்சம் கொட்டகை. ‘பகல் பூரா கிட்டக்கிட்ட உக்காந்து ஒரே புகையில மூச்சு விடுதீங்க, வீடு மாதிரிதானே இதுவும்,' என்றாள் நர்சக்கா. 'உன் பேரு என் வாயிலயிருந்து வராது. எல்லாருக்கும் தோல் பாக்கேன், ஒரு மாத்திரை குடுக்கேன்னுதான் சொல்லுவேன். ஆனா அவங்க சும்மா இருக்கமாட்டாங்க, யாரு யாருன்னு தேடுவாங்க. அதனால உன்கிட்ட கேக்கேன். நீ சரின்னா செய்வோம். இல்லன்னா விட்டுருவோம். உன் இஷ்டம் தாயி.' உன் இஷ்டம். அந்த வார்த்தை அவளுக்கு எந்தச் சட்டையிலும் பொருந்தாத பொத்தான் மாதிரி இருந்தது. ஏழாங்கிளாசோடு நிறுத்தும்போது யாரும் இஷ்டம் கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கேட்டார்கள், அது கேட்டதில் சேர்த்தியில்லை, காபித் தட்டோடு நிற்கும்போது தலையைக் குனிந்தால் சம்மதம், குனியாவிட்டால் திமிர். பிள்ளைக்குப் பேர் வைத்தது அவருடைய அக்கா. இப்போது, போயும் போயும் இதற்கு, இஷ்டம்.

அவள் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை நைட்டிமேல் போட்டிருந்தாள். அடுப்பு வேலைக்கு எல்லாப் பெண்களும் போடுவதுதான், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. சட்டைக்குள்ளே, வலது முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம், வெந்தயக்கலரில் ஒரு வட்டம். தேமல் என்றுதான் நினைத்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் கடுகளவு இருந்தது, தனு பிறந்தபிறகு முறுக்களவு ஆயிற்று. பூவரசங்காயை உரசிப் போட்டாள். போகவில்லை, வலிக்கவுமில்லை, வலிக்காததை யார் நினைக்கப்போகிறார்கள்? கொட்டகைக்கு வந்த முதல் வாரம் ஈரத்துணி தவறி விழுந்து எண்ணெய் பொங்கித் தெறித்தது. மற்றவர்கள் ஐயோ அம்மா என்று எழுந்து ஓட, இவள் மட்டும் அசையாமல், ஓடினவள் போட்டுவிட்டுப் போன கம்பியை எடுத்து முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் நாலு இடத்தில் கொப்புளம். ஆவுடை சித்தி அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். 'பாத்தியாட்டி, இதான் கை! சூடு தாங்குத கை. எங்க அம்மைக்கு இப்படி இருந்துச்சு. இவ நாளைலேருந்து எண்ணெய்க்கு முன்னால உக்காரட்டும்.' எண்ணெய்க்கு முன்னால் உட்காருகிறவள் என்றால் கொட்டகையில் ஒரு மதிப்பு. மாவு பிசைகிறவள் பிசைந்துகொண்டே இருக்கலாம், சுற்றுகிறவள் சுற்றிக்கொண்டே இருக்கலாம், எண்ணெய் எல்லோருக்கும் அமையாது. பேசத் தெரியாது, சிரிக்கக் கூச்சம், புருஷன் வீட்டில் 'இவ வாய்ல என்ன கொழுக்கட்டையா' என்று கேட்பார்கள், அப்படிப்பட்டவளுக்கு ஊரில் முதல்முதலாக ஒரு நல்ல பேர் வந்தது அந்தக் கையால். அந்த நாலு கொப்புளத்தையும் அவள் ராத்திரி தடவித் தடவிப் பார்த்தாள், மெடல் மாதிரி. எப்படி இருந்திருக்கிறாள் பார். கை செத்துக்கொண்டிருந்திருக்கிறது, இவள் அதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். தனுவுக்கு எடை பார்க்க வந்த நர்சக்கா அந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, 'எப்ப பட்டது?' என்று கேட்டாள், 'தெரியலையே அக்கா,' என்றாள் இவள், கொஞ்சம் பெருமையாகவே. நர்சக்கா சிரிக்கவில்லை. 'கண்ணை மூடு, தாயி,' என்றாள். பேனாவின் முனையால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டு என்றாள். முப்பிடாதி மூடிக்கொண்டு காத்திருந்தாள். புறங்கையில் தொட்டாள், காட்டினாள். தோளில் தொட்டாள், காட்டினாள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நர்சக்கா எங்கோ எழுந்து போய்விட்டாள்போல என்று கண்ணைத் திறந்தால், பேனா தேமலின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

அந்த இடத்துக்குத்தான் நினைப்பு திரும்பத் திரும்பப் போகிறது. தோலில் பேனா நிற்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் எத்தனை நின்றிருக்கும் தெரியாமல்? தனு அந்தக் கையில்தானே படுத்துத் தூங்குவாள், அந்த இடத்தில் அவள் கன்னம் பட்டிருக்கும், பட்டதே தெரியாமல் போயிருக்கும், பிள்ளையின் கன்னம்கூட. இரண்டாவது ஈடு முறுக்கைப் போட்டாள். எண்ணெய் பொங்கி முறுக்குகளை மூடிக்கொண்டது. நோயின் பேரை நர்சக்கா தொழுநோய் என்று சொன்னாள், மரியாதையான பேர், அரசாங்கப் பேர், பஸ் ஸ்டாண்டு சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். உணர்ச்சியற்ற தேமல் என்று பெரிதாக ஆரம்பிக்கும். மிச்சத்தை அவள் படித்ததே இல்லை. யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எப்போதும் அதன்மேல் ஒட்டியிருக்கும், ஒன்று கிழிந்தால் இன்னொன்று. ஆனால் அவளுக்குள் கேட்டது அந்தப் பேர் இல்லை, மற்றப் பேர், சின்னப் பிள்ளையில் ஆற்றங்கரையில் கேட்டது. அங்கே படித்துறைக்குக் கீழே ஒருத்தர் குளிப்பார், காலில் துணி சுற்றியிருப்பார், விரல் இருக்காது. அவர் இறங்கினால் அதற்குக் கீழே ஒருத்தரும் தண்ணியில் கால் வைக்கமாட்டார்கள், எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே போவார்கள். ஆறு அவ்வளவு பெரிசு, அவருக்குக் கீழே அவ்வளவு தண்ணியும் சும்மா போகும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே முதுகைத் தேய்ப்பார். அவருக்கு முதுகு எட்டாது. இதெல்லாம் இப்போது எதற்கு. முறுக்கு செம்மை ஏறுகிறது, திருப்பு. அவருக்கு முதுகு எட்டாது, தேய்த்துவிட ஆளில்லை, அதைத்தான் அவள் மறக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் அவருக்கு இந்த மாத்திரை கிடைத்திருக்காது, இல்லை லேட்டாகக் கிடைத்திருக்கும். தனக்குக் கிடைத்திருக்கிறது. அட்டையில் வரிசையாக, இலவசமாக. முதல் மாத்திரை விழுங்கின மறுநாள் ஒண்ணுக்குச் சிவப்பாகப் போனது, செத்தேன் என்று நினைத்தாள். நர்சக்கா முன்னாலேயே சொல்லியிருந்தாளாம், வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே கேட்டதில் காதில் ஏறவில்லை. புருஷனிடம் போய்ச் சொன்னாள். அவர் பயந்து லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் நர்சக்காவைக் கூட்டிவந்து, வந்தவள் சிரிசிரியென்று சிரித்து, கடைசியில் அவரும் சிரித்து, இவளும். அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். நர்சக்கா போனபிறகு அவர் சொன்னார், 'சரியாப் போயிரும். ஆனா வெளிய மூச்சு விடாத, முப்பி. முறுக்குக் கொட்டகைல தெரிஞ்சா அவ்வளவுதான்.' திட்டிச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார்.

‘ஏ முப்பி, நீ ஏன்டி இப்படிக் கறுத்துட்டே?' லூர்தக்காதான், கையை நிறுத்தாமல். 'வந்த புதுசுல எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தா சித்தி. இப்பப் பாரு, இருப்புச்சட்டிக்கும் இவளுக்கும் வித்தியாசம் தெரியல. சட்டின்னு நெனச்சு ஒருநாள் உன்னத் தூக்கி அடுப்புல வெச்சுரப் போறேன்.' மாத்திரையால் வந்த கறுப்பு, நிறுத்தினபிறகு மெல்ல மெல்லத் தெளியும் என்று நர்சக்கா சொல்லியிருக்கிறாள். சொல்ல முடியுமா? சிரித்தாள். லூர்தக்காவிடம் சிரிக்காமல் இருக்க முடியாது. தனு பிறந்து பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தபோது பத்தியக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தவள் அவள், பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினவள் அவள், முதுகு தேய்த்துவிட்டவள். முதுகு. லூர்தக்கா சுற்றின முறுக்கைத் தட்டோடு எடுத்து வந்து அடுப்போரம் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணெயில் நழுவவிட்டாள், அவள்பாட்டுக்குத் தன் அண்ணன் மகள் அவள் மாமியாரை எப்படி ஒரு வார்த்தையில் மடக்கினாள் என்று கதை சொல்லிக்கொண்டே, அப்போது ஒரு முறுக்கு உடைந்து எண்ணெய் சடாரென்று தெறித்தது. முப்பிடாதி பின்னால் சாய்ந்தாள். லூர்தக்கா சாயவில்லை. அவளுடைய இடதுகை மணிக்கட்டுக்குமேல் ஒரு சொட்டு, நல்ல பெரிய சொட்டு, விழுந்து, பளபளத்து, வழிந்தது. கதை நிற்கவில்லை. 'அவ சொல்லுதா, அத்தை, உங்க மவன் எனக்குப் புருஷன்தான், ஆனா உங்களுக்கும் மவன்தானே, ஒரு நா நீங்களும் சட்டை தொவைக்கலாம்லா...' சொட்டு வழிந்த இடத்தில் தோல் வெளிறிச் சுருங்குவதை முப்பிடாதி பார்த்தாள். அதைச் சுற்றி வெளிறலாக ஒரு பாகம் முன்னமே இருந்ததையும் பார்த்தாள். 'அக்கா,' என்றாள். 'என்னட்டி?' 'எண்ணெய் பட்டுருச்சு.' லூர்தக்கா கையைத் திருப்பிப் பார்த்து, 'அட, ஆமா,' என்று பாவாடையில் துடைத்துக்கொண்டாள். 'பழகிப்போச்சு. எனக்கும் உன்னைய மாதிரி கை வந்துட்டு பாரு!' ஆவுடை சித்தி அந்தப் பக்கமிருந்து, 'அப்பம் உன்னையும் எண்ணெய்ல உக்கார வெச்சுர வேண்டியதுதான்,' என்றாள்.

பழகிப்போச்சு. கொட்டகை முழுக்க அந்த வார்த்தை புகை மாதிரி நின்றது. கை பழகிப்போச்சு என்றுதானே அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை, தேமலாகவே இருக்கலாம். அடுப்படியில் யாருக்குத்தான் தேமல் இல்லை? கதை சொல்லுகிற மும்முரத்தில் தெரியாமல் போயிருக்கலாம். லூர்தக்கா கதை சொல்லும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அப்படி நினைக்கலாம். நினைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கலாம், நர்சக்கா தண்ணியைக் குடித்துவிட்டுப் போவாள், அடுத்த மாசம் இவளுக்குக் கடைசி அட்டை, அதோடு முடிந்தது, யாருக்கும் தெரியாது, எண்ணெய்க்கு முன்னால் இவள், துணிக்கு முன்னால் லூர்தக்கா, பகல் பூரா கதை. அப்புறம் என்றைக்கோ லூர்தக்காவின் சுண்டுவிரல் மடங்கி நிற்கும். மாவு அந்த விரலிடுக்கில் முறுகி வராது. இல்லை இல்லை. நம்மால் அவளுக்கா, அவளால் நமக்கா? அதுவும் தெரியாது, நர்சக்காவுக்கே தெரியாதாம், வருஷக்கணக்கில் உள்ளே தூங்குமாம். யாரிடமிருந்து என்பது இருக்கட்டும். சொன்னால் என்ன ஆகும், அதை நினை. ஆவுடை சித்தி எழுந்து நிற்பாள். கம்பியை வாங்கிக்கொள்வாள். கையால் வாங்கமாட்டாள், கீழே வை என்பாள். தனுவைத் தூக்கிக்கொண்டு நீ போ என்பாள். கல்யாண வீட்டுக்காரர்கள் கேள்விப்படுவார்கள், முறுக்கைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுவார்கள், மாடும் தின்னாது என்று பேசிக்கொள்வார்கள். ஆற்றில் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே போவார்கள், நடுவில் முழங்கால் தண்ணியில் தனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள். நான் எழுந்திருக்கமாட்டேன். தண்ணி கேட்டால் கேட்கட்டும். காது கேட்காத மாதிரி இருந்துவிடலாம். புகை, வேர்வை, கண்ணெல்லாம் எரிந்தது. சட்டைக்கை ஒட்டிக்கொண்டு கசகசத்தது, அவள் தன்னை அறியாமல் வலது கையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் மிச்சமிருந்த ஒரு முறுக்கை எடுத்து எண்ணெயில் விட்டாள். அதில் எங்கோ ஒரு காற்றுக்குமிழி, வெடித்தது.

‘ஸ்ஸ்ஸ்! ஆ!' கொட்டகை திரும்பிப் பார்த்தது. கம்பி கீழே விழுந்து கிணுங்கியது. 'என்னட்டி, என்னட்டி?' 'ஒண்ணுமில்ல சித்தி. சுட்டுருச்சு.' 'சுட்டுருச்சா! உனக்கா?' லூர்தக்கா கைகொட்டிச் சிரித்தாள், 'போச்சு சித்தி, ராணி கை போச்சு. சூடு தாங்குத கை இன்னைக்கு வெண்ணெயா உருகிட்டு.' முப்பிடாதி கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம், வெந்தயக்கலரின் ஓரத்தில் இல்லை, உள்ளே, நல்லா உள்ளே, பேனா நின்ற இடத்துக்குக் கிட்டத்தட்ட, ஒரு சிவந்த புள்ளி. எரிந்தது. ஊசியால் குத்தின மாதிரி ஆரம்பித்து, அகலமாகி, முழங்கை வரைக்கும் ஏறி எரிந்தது. சில பேருக்குத் திரும்பும், சில பேருக்கு நேரமாகும், சீக்கிரம் வந்ததால உனக்குத் திரும்பலாம், என்றிருந்தாள் நர்சக்கா, அவள் அதையும் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டிருந்தாள், நம்பாமல். இப்போது தோல் தானே சொல்கிறது. அம்மாடி, எப்படி எரிகிறது. எத்தனை நாளாயிற்று உன்னைப் பார்த்து, வா, என்று சொல்லத் தோன்றியது, பைத்தியம் மாதிரி. கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது, எல்லோரும் வலியில் அழுகிறாள் என்று நினைத்தார்கள், சரிதானே, வலியில்தான் அழுகிறாள். தனு ஓடி வந்து, 'அம்மா ஊ,' என்று அந்த இடத்தில் வாயை வைத்து ஊதினாள். பச்சை மாவு வாசம். அந்த ஊதல் பட்டது. எச்சிலோடு, வெதுவெதுப்பாக, அதுவும் பட்டது.

வெளியே ஸ்கூட்டி வந்து நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். 'அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி.' ‘யாரு, நர்சம்மாவா? வாங்க வாங்க,' என்று லூர்தக்கா துணியிலிருந்து எழுந்தாள். 'நீ இருட்டி, கையை வேற சுட்டுக்கிட்ட, நான் குடுக்கேன்,' என்று பானைப் பக்கம் நடந்தாள். இப்படி ஒருத்தி முந்திக்கொள்வாளென்று நேற்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. லூர்தக்காவின் கை செம்பை எடுத்துவிட்டது. அவ்வளவுதான், எழுந்திருக்க வேண்டியதில்லை, யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவளாக வந்து எடுத்துக்கொண்டாள். லூர்தக்காவின் இடது கையில் செம்பு, அந்த மணிக்கட்டு, அந்த வெளிறல், அதன்மேல் இப்போது ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. 'யக்கா!' முப்பிடாதிக்குத் தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது, அவ்வளவு சத்தம். 'நீ இரு யக்கா. நான் குடுக்கேன்.' கையிலிருந்து பிடுங்காத குறையாகச் செம்பை வாங்கி, பானையில் முக்கி, தண்ணி வழிய வழியக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நர்சக்கா செம்பு விளிம்புக்கு மேலாக அவளைப் பார்த்தாள். சரிதானா என்று கண்ணால் கேட்டாள். பிறகு பாதிதான் குடித்தாள், தாகமே இல்லை அவளுக்கு. 'சித்தி, வந்ததுதான் வந்தேன், உங்க எல்லாருக்கும் கொஞ்சம் தோலைப் பாத்துட்டுப் போறேன்,' என்று ஆரம்பித்தாள். ஆவுடை சித்தி நிமிர்ந்தாள். 'தோலா? எதுக்கு? யாருக்கு என்ன இப்பம்?'

நர்சக்கா வாயைத் திறந்தாள், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுவதற்கென்று வைத்திருக்கிற வார்த்தைக்கு. 'எனக்கு, சித்தி,' என்றாள் முப்பிடாதி. சட்டைக்கை மடித்தபடியே இருந்தது, கையை நீட்டினாள். 'இது. அந்தச் சீக்குதான். பஸ் ஸ்டாண்டு சுவத்துல எழுதியிருக்கும்லா, அது. மாத்திரை சாப்பிடுதேன், முடியப்போவுது. நீங்க சூடு தாங்குத கைன்னு சொன்னிய. தாங்கல சித்தி. தெரியாம இருந்துச்சு. இன்னைக்குத்தான் சுட்டுது.' இவ்வளவு நீளமாக அவள் ஒருபோதும் பேசினதில்லை, மூச்சு வாங்கியது, ஆனால் இன்னும் ஒன்று இருந்தது. 'யக்கா, உனக்குச் சுடல. நான் பாத்தேன்.' லூர்தக்காவின் முகம் சிவந்தது. 'என்னட்டி சொல்லுத, சவத்து மூதி! உன் சீக்க என் தலைல வெக்கியா?' 'திட்டுக்கா, திட்டு. ஆனா கையக் காட்டு.' அவள் சொன்ன விதத்திலோ, கண்ணில் நின்ற தண்ணியிலோ என்னவோ இருந்தது, லூர்தக்கா திட்டிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நர்சக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். தோளில் தொட்டாள், காட்டினாள். விரலில் தொட்டாள், காட்டினாள். பிறகு கொட்டகையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, லூர்தக்கா இறுக்கி மூடின கண்ணோடு, 'ம், தொடுங்க நர்சம்மா, எவ்வளவு நேரம்?' என்றாள்.

ஆவுடை சித்தி அந்தப் பேனா முனையைப் பார்த்தாள், அது எங்கே நிற்கிறதென்று பார்த்தாள், பிறகு முப்பிடாதியைப் பார்த்தாள். லூர்தக்கா கண்ணைத் திறந்தாள். கொப்புளத்தை ஒட்டி நின்ற பேனாவையே பார்த்தாள். முப்பிடாதி போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு, இடிக்கிற மாதிரி ஒட்டி உட்கார்ந்தாள். 'மாசாமாசம் ஒரு அட்டைக்கா. சரியாப் போயிரும். எனக்குச் சுடுதுல்லா இப்பம்.' நர்சக்காவும் அதையேதான் சொன்னாள், நாளைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருதரம் பார்க்கட்டும், இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு என்று. லூர்தக்கா மூக்கை உறிஞ்சினாள். 'நானும் உன்னைய மாதிரி கறுத்துருவேனாட்டி?' என்றாள். 'நீ இதுக்குமேல எங்கக்கா கறுக்க?' யார் சொன்னது அது, முப்பிடாதியா? தனக்கே திக்கென்றது. லூர்தக்கா அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், பாதி அழுகை, பாதி சிரிப்பு. ஆவுடை சித்தி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். 'முறுக்குல...' என்று ஆரம்பித்து நிறுத்தினாள். 'முறுக்குல பரவாது சித்தி,' என்றாள் நர்சக்கா. 'மருந்து சாப்பிடுதவங்ககிட்டயிருந்தும் பரவாது. உங்களுக்கும் வராம இருக்க ஒரு மாத்திரை தாரேன், போட்டுக்கிடுங்க.' ஆவுடை சித்தி உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். நர்சக்கா பாதி குடித்துத் திருப்பிக் கொடுத்த செம்பு முப்பிடாதி கையிலேயே இருந்தது, இவ்வளவு நேரமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இதோ, கீழே வை என்று சொல்லப்போகிறாள். ஆவுடை சித்தி வந்தாள், அவள் விரல்மேல் விரல் படச் செம்பை வாங்கினாள், அண்ணாந்து மாத்திரையைப் போட்டு மிச்சத் தண்ணியைக் கடகடவென்று ஊற்றிக்கொண்டாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். அப்புறம் மூக்கைச் சுளித்து அடுப்புப் பக்கம் திரும்பி, 'ஏ கூறுகெட்டவளே, அங்க ஈடு கருகுது! போய்த் திருப்புட்டி. உங்க ஆத்தாளா வந்து திருப்புவா?' என்றாள்.

முப்பிடாதி ஓடினாள். எண்ணெயில் கிடந்தவை கறுத்துவிட்டிருந்தன, அரித்தெடுத்து ஓரமாகப் போட்டாள், தனு அதிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். புதிதாக ஒரு பொட்டு மாவு கிள்ளிப் போட்டாள். அது அடியில் நிற்காமல் உடனே மேலே வந்தது. சட்டைக்கையை இறக்கிவிடாமலே கம்பியை எடுத்தாள். சுட்ட இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும்.